தவிட்டு வாசனை மாத்திரை

மாமா,

இன்று காலை மருந்துக் கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டியபோது, முதலில் என் மூக்குக்குத்தான் விஷயம் தெரிந்தது. மழையில் நனைந்த தவிட்டு மூட்டையைப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, அது. மாத்திரையின் நிறம் மாறிவிட்டது. உங்கள் காலத்தில் பழுப்பாக இருக்கும். இப்போது சிவப்புப் பூச்சு போட்டு, சீசனுக்கு வருகிறவர்களிடம் விற்கிற மிட்டாய் மாதிரி பண்ணிவிட்டார்கள். ஆனால் வாசனையை யாராலும் மாற்ற முடியவில்லை. நான் பஜார் நடுவில் நின்று அதை முகர்ந்துகொண்டே இருந்தேன். "என்னண்ணே, முழுங்கத் தந்தா மோந்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார்.

எனக்கும் வந்துவிட்டது மாமா. சர்க்கரை. உங்களைப் போல் எலும்பும் தோலுமாக ஆகிறவரை காத்திருக்காமல் என் வீட்டுக்காரி பாக்கியம் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்விட்டாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு என் சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சினார்கள். பச்சையாகி, மஞ்சளாகி, அங்கேயே நின்றுவிட்டது. "செங்கல் நிறத்துக்குப் போகலை, பயப்படாதீங்க" என்றார் புது டாக்டர். சர்க்கரைக்கு வெள்ளை மாத்திரை. காலில் லேசாக மதமதப்பு இருக்கிறது என்றதற்கு இந்த வைட்டமின். உங்களுக்குக் கொடுத்த அதே ஜோடி. வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன், ஊசியில் நூல் ஏறவில்லை. அதனால் எழுதுகிறேன். எந்தத் தபால் பெட்டியில் போடப்போகிறாய் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

நம் இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் உங்கள் பழக்கடை, இந்தப் பக்கம் என் தையல் மெஷின். பழனியிலிருந்து மலையேறி வந்து நான் கடை போட்ட முதல் நாளே பலகைச் சந்து வழியாக ஒரு பேரிக்காய்த் துண்டு நீண்டது. பின்னாலேயே உங்கள் குரல். "தின்னுப் பாருலே மாப்ளே. உங்க ஊர்ல இது கெடைக்காது." முன்பின் தெரியாதவனை மாப்பிள்ளை என்று கூப்பிட உங்களால்தான் முடியும். நீங்கள் ராவுத்தர், நான் பழனி அடிவாரத்துக்காரன். அதெல்லாம் அந்தத் துண்டோடு போயிற்று. நீங்கள் மாமா, உங்கள் வீட்டில் இருந்தவர் மாமி, அவ்வளவுதான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் நீங்கள், ஆனால் வம்பளக்க உட்கார்ந்தால் நான்தான் பெரியவன் போல இருக்கும்.

உங்கள் வியாபார முறையைப் பார்த்து நான் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்! யார் வந்து பேரிக்காய் விலை கேட்டாலும் கத்தியை எடுத்து ஒரு கீற்று வெட்டுவீர்கள். பாதி வந்தவருக்கு, பாதி உங்கள் வாய்க்கு. கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவீர்கள். நன்றாக இருந்தால்தான் தராசை எடுப்பீர்கள். புளித்திருந்தால், "இந்தக் கூடை வேணாம்மா, நாளைக்கு வாங்க" என்று வந்த சீதேவியைத் திருப்பி அனுப்புவீர்கள். பிளம்ஸ் காலத்தில் பிளம்ஸ், பேரிக்காய்க் காலத்தில் பேரிக்காய், வருஷம் பூராவும் கீழ்மலையிலிருந்து வருகிற வாழை. "ஏன் மாமா, ஊரான் வாய்க்கு எல்லாம் நீங்கதான் ருசி பாக்கணுமா?" என்று கேட்டால், "நான் தின்னு பாக்காத பழத்த எந்த வாயாலடா நல்லாருக்குன்னு சொல்றது?" என்பீர்கள். அந்த நேர்மைதான் உங்களைத் தின்றது. இதை எழுதும்போது எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது.

முதலில் கண்டுபிடித்தது என் டேப்புதான். நான் தைத்துக் கொடுத்த பழுப்புக் கம்பளிக் கோட்டு உங்கள் தோளிலிருந்து சரிந்து தொங்க ஆரம்பித்தது. கைலி மேல் அந்தக் கோட்டும் குல்லாவுமாக நீங்கள் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் பஜாருக்கே ஒரு களை. அதை உள்ளே பிடித்துத் தைத்துக் கொடு என்று வந்தீர்கள். அளவெடுத்தேன். இடுப்பில் என் கை முழுசாக உள்ளே போயிற்று. "மாமா, நீங்க பாதி ஆளைக் காணோமே" என்றேன். "உன் டேப்பு நனைஞ்சு நீண்டு போச்சுடா, வேற டேப்பு வாங்கு" என்று கேலி பண்ணினீர்கள். பேசிக்கொண்டே என் பானையிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் மொண்டு குடித்தீர்கள். பல் கிட்டிப்போகிற குளிர், பஜார் முழுக்க மூட்டம். அந்தக் குளிரில் யாராவது அப்படித் தண்ணீர் குடிப்பார்களா? அன்றைக்கே மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி அழுது அடம்பிடித்து உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், துணைக்கு நான்.

உங்களுக்குக் குழாயில் செங்கல் நிறம் வந்தது. டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். ஊசி இல்லாமல் வாயில் போடுகிற சர்க்கரை மாத்திரை அப்போதுதான் நம் மலைக்கு வந்திருந்தது. "பாய், சர்க்கரைய இறக்குறது இந்த வெள்ளை மாத்திரை. இத சாப்பாட்டோட போடணும், போட்டுட்டு பட்டினி கெடக்கக் கூடாது. உங்க கால்ல சொரணை கொறஞ்சிருக்கு, அதுக்கு இந்த வைட்டமினும் தர்றேன். இது நரம்புக்கு ஒரு துணை. துணைய மட்டும் வச்சுக்கிட்டு வெள்ளைய விட்டுறாதீங்க." அப்புறம் ஒரு குண்டூசியால் உங்கள் பாதத்தை அங்கங்கே தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். கணுக்காலில் தெரிந்தது. விரல்களில் தெரியவில்லை. நீங்கள் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் இருந்தீர்கள். பழத்தை வெட்டினால் முழுக்கீற்றும் வந்தவருக்கே போயிற்று. மாமியின் முகத்தில் கூட ஒரு தெளிவு வந்தது. கோட்டின் உள்பக்கம் வைட்டமின் புட்டிக்கென்று தனியாக ஒரு பை தைக்கச் சொன்னீர்கள், தைத்துக் கொடுத்தேன். குனிந்தால் அந்தப் பையிலிருந்து தவிட்டு வாசனை வரும்.

எல்லாம் கெட்டது பேரிக்காய் லாரி ஏற்றிய அந்த நாளில். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய லாரி வெள்ளனே வந்து நின்றுவிட்டது. நீங்கள் வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "சோலி முடியட்டும், பெறவு திங்கலாம்" என்று இட்டிலியை மூடி வைத்துவிட்டு கூடை எண்ணப் போய்விட்டீர்கள். மதியம் ஆயிற்று. திடீரென்று பலகைத் தடுப்பு அதிர்ந்தது. ஓடி வந்து பார்த்தால் நீங்கள் கூடைகளின் மேல் சரிந்து கிடக்கிறீர்கள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. லாரிக்காரர்தான் ஒரு வாழைப்பழத்தை உரித்து உங்கள் வாயில் திணித்தார். அடுத்தடுத்து இன்னும் கொஞ்சம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்குத் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்து குல்லாவைத் தேடினீர்கள்.

அங்கேதான் உங்கள் புத்தி ஒரு முடிச்சைப் போட்டது. அதை அவிழ்க்க என்னாலும் முடியவில்லை, மாமியாலும் முடியவில்லை, டாக்டரம்மாவாலும் முடியவில்லை. "பாத்தியாலே மாப்ளே? வெள்ளை மாத்திரை என்னயப் படுக்கப் போட்டுச்சு. பழம் எந்திரிக்க வச்சிருச்சு." சாப்பிடாததால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது, அதனால்தான் பழம் வேலை செய்தது என்று டாக்டரம்மா எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். உங்கள் காதில் ஏறவே இல்லை. தவறு மாத்திரையில் இல்லை, மூடி வைத்த இட்டிலியில் இருந்தது மாமா. இதை உங்கள் வாழ்நாளில் உங்களுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

போதாக்குறைக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் அந்தப் படம் வேறு. எதெதில் வைட்டமின் இருக்கிறது என்று வரைந்து மாட்டியிருந்தார்கள். ஆரஞ்சு, வாழை, பப்பாளி, கேரட், கீரை. நீங்கள் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பிறகு என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினீர்கள். "ஏலே! என் கடை பூராவும் இங்க செவுத்துல தொங்குதுடா! டாக்டரம்மா புட்டியில அடைச்சுக் குடுக்குறத அல்லா எனக்குக் கூடை கூடையாக் குடுத்திருக்கான். நான் எதுக்குடா அந்த வெள்ளைய முழுங்கிட்டு மயங்கி விழணும்?" ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது, நீங்கள் சொன்ன விதம் அப்படி.

அன்றிலிருந்து வெள்ளை மாத்திரை வீட்டுப் பரணுக்குப் போயிற்று. வைட்டமின் மட்டும் கோட்டுப் பையில். அதைப் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்பதில் உங்களுக்கு ஒரே பெருமை. "நோய் மஞ்சளா எறங்குது மாப்ளே." கூடவே பழம். பாதிக் கீற்று மறுபடி உங்கள் வாய்க்குப் போக ஆரம்பித்தது, இந்தத் தடவை மருந்து என்ற பெயரில். நான் தனியாக டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். "பழத்துல வைட்டமின் இருக்குறது நெஜந்தான். சர்க்கரையும் அதே பழத்துலதான இருக்கு? மாத்திரையா போட்டாலும் வைட்டமின் சர்க்கரைய எறக்காது. நீங்களாவது சொல்லுங்க" என்றார். வந்து சொன்னேன். கத்தினேன். பலகையைக் குத்தினேன். நீங்கள் பதிலுக்குப் பலகைச் சந்து வழியாக ஒரு துண்டு பிளம்ஸ் நீட்டினீர்கள்.

மாமி பாவம். "தம்பி, சீனி டப்பான்னா ஒளிச்சு வைப்பேன், கருப்பட்டின்னா ஒளிச்சு வைப்பேன். ஒரு கடைய எங்க தம்பி ஒளிக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

பிறகு செருப்பு. ஒருநாள் நீங்கள் தொழுகைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இடது கால் செருப்பு கழன்று நடுத்தெருவில் கிடக்கிறது. நீங்கள் வெறுங்காலோடு, ஈரக் கல்லின் மேல், யாருக்கோ சலாம் சொல்லிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறீர்கள். செருப்பு இல்லை என்பதே உங்கள் காலுக்குத் தெரியவில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தேன். குனிந்து பார்த்தீர்கள். ஒரு கணம் உங்கள் முகம் செத்துப்போயிற்று. அப்புறம், "டெய்லரு செருப்பும் தைக்க ஆரம்பிச்சுட்டான் பாருங்கய்யா" என்று ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்தீர்கள். அதன் பிறகு பல தடவை அந்தச் செருப்பை நான் பொறுக்கி வந்திருக்கிறேன். மாட்டிவிடும்போது உங்கள் பாதம் சில்லென்று இருக்கும்.

அந்தச் செருப்பு விவகாரம்தான் உங்களுக்கு ஊசி யோசனையைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து, என் கடைப் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்தீர்கள். "காலர்ல ஒரு குண்டூசி வச்சிருப்பியே, எடு. டாக்டரம்மா மாதிரி குத்திப் பாரு. வைட்டமின் வேலை செய்யுதான்னு பாத்துருவோம்." துணியில் குத்தித்தான் எனக்குப் பழக்கம். நீங்கள் விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள், பேரிக்காய் மெல்லும்போது மூடுவது மாதிரியே. நான் காலரிலிருந்து ஊசியை எடுத்தேன். இன்னும் உங்கள் காலைத் தொடக்கூட இல்லை.

"ஆமா! குத்திட்டே! பெருவெரல்ல!" என்று கத்தினீர்கள்.

"நான் இன்னும் குத்தவே இல்ல மாமா" என்றேன்.

கண்ணைத் திறந்தீர்கள். ஊசி என் விரல்களுக்கு நடுவில், உங்கள் காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. "பொய் சொல்றே" என்றீர்கள். "நீங்கதான் மாமா பொய் சொல்றீங்க. உங்களுக்கே பொய் சொல்லிக்கிறீங்க. மாத்திரையப் போடுங்க, வெள்ளை மாத்திரைய!" என் குரல் எகிறிவிட்டது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். நீங்கள் காலை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சில நாட்கள் பலகைச் சந்து வழியாக ஒன்றும் வரவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து, பொய்யர், பொய்யர் என்று உங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஒருநாள் சந்தில் ஒரு வாழைப்பழம் எட்டிப் பார்த்தது. இருவரும் பழையபடி ஆனோம். ஊசிப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடவே இல்லை. தூறலும் மூட்டமும் மாறி மாறி, ஈரத் துணி காய வழியில்லை. காலையில் நம் இரண்டு கடை வாசலுக்கும் பொதுவாக ஒரு கணப்புச் சட்டி வைப்போமே, அதில் கரி கனன்றுகொண்டிருந்தது. நான் உள்ளே ஒரு கம்பளிக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கம்பளி பொசுங்குகிற வாடை அடித்தது. வாடிக்கைக்காரர் கோட்டாயிற்றே! பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே விரித்த போர்வையைப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. வாடை மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. வெளியே வந்தேன்.

நீங்கள் பழப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மாமி பின்னிய காலுறையோடு இரண்டு பாதத்தையும் சட்டி விளிம்பில் அழுத்தி வைத்திருந்தீர்கள். இடது காலுறையின் அடிப்பக்கம் புகைந்துகொண்டிருந்தது. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இதமா இருக்கு மாப்ளே. சூடு தெரியுது. ரொம்ப நாளைக்கப்புறம் கால்ல சூடு தெரியுதுடா. நான் சொல்லல?"

உங்கள் காலைப் பிடித்து இழுத்தேன். தண்ணீரைக் கொட்டினேன். காலுறையைக் கழற்றியபோது தோலும் கூட வந்தது. நீங்கள் அதையும், யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தீர்கள். வலித்திருந்தால் நீங்கள் எப்போதோ காலை எடுத்திருப்பீர்களே.

புண் ஆறவில்லை. டாக்டரம்மா தினமும் கட்டுப் போட்டார், இன்சுலின் ஊசி போட்டார், மாமி பரணிலிருந்த வெள்ளை மாத்திரைகளை எல்லாம் எடுத்து வந்து அவர் காலடியில் வைத்து அழுதார். விரல்கள் கறுத்தன. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் உங்களை ஜன்னலோரம் சாய்த்து வைத்து நானும் மாமியும் கூட வந்தோம். மலை இறங்க இறங்க வெக்கை ஏறியது. வத்தலக்குண்டில் பஸ் நின்றபோது கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டீர்கள். "இது ரொம்பப் பெருசாப் போச்சுடா. வெரசா பிடிச்சுக் குடு, திரும்பி வந்து போடணும்" என்றீர்கள். சரிங்க மாமா என்றேன். அந்தப் பையிலிருந்து வந்த வாசனையோடுதான் மதுரை வரை உட்கார்ந்திருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். நீங்கள் தலையாட்டினீர்கள். "எடுத்துரட்டும். பழம் விக்கக் கைதான வேணும்" என்று மாமியைத் தேற்றினீர்கள். ஆனால் அதற்குள் காய்ச்சல் ஏறிவிட்டது. அன்று பிற்பகல் மாமி வெந்நீர் வாங்கப் போயிருந்தார். நான் மட்டும் உங்கள் கட்டிலருகில். "மாப்ளே" என்றீர்கள். "காலர்ல ஊசி இருக்கா? ஒருக்க குத்திப் பாரு." கட்டுப் போட்டிருந்த அந்தக் காலில் எங்கே குத்துவது? நல்ல காலின் விரலைப் பிடித்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். என் கை காலர் வரைக்கும்கூடப் போகவில்லை.

"ஆமா" என்றீர்கள். "தெரியுது."

"ஆமா மாமா" என்றேன். "குத்திட்டேன்."

நீங்கள் சிரித்தீர்கள். என்னிடம் நீங்கள் பேசியதில் அந்தத் "தெரியுது"தான் கடைசி. மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை.

உங்களை மலைக்கே கொண்டு வந்து அடக்கினோம். உடலைப் பொதிகிற கபன் துணியில் தையல் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் உங்களுக்கு ஒரு தலையணை உறை வேண்டுமென்றாலும் நான்தான் தைத்தேன். அந்தத் துணிக்கு என்னால் ஒரு தையல்கூடப் போட்டுத் தர முடியவில்லை. எல்லாரும் வேலையாக இருந்தார்கள், நான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

கோட்டைப் பிடித்துத் தைத்து மாமியிடம் கொடுத்தேன். சொன்ன சொல் ஆயிற்றே. மாமி அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு பழனியில் இருக்கிற தன் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். உங்கள் கடையில் இப்போது ஸ்வெட்டர் விற்கிறார்கள். பலகைச் சந்தை அவர்கள் அடைத்துவிட்டார்கள்.

இவ்வளவு நாளும் என் மனசில் ஒன்று அறுத்துக்கொண்டே இருந்தது மாமா. நம் இரண்டு பேரில் யார் பெரிய பொய்யர் என்று. குத்தாததைக் குத்தியதாகச் சொன்ன நீங்களா, குத்தியதாக ஒத்துக்கொண்ட நானா? நான் சொன்னது சாகக் கிடந்தவருக்குச் சொன்னது, படைத்தவன் மன்னிப்பான். நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? உயிர் போகிற விஷயத்தில் விளையாடினாரே இந்த மனுஷர் என்று உங்கள் அடக்கத்தன்றுகூட எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்த ஒரு பொய்யை நீங்கள் நம்பாமல் இருந்திருந்தால் வெள்ளை மாத்திரை பரணிலேயே கிடந்திருக்காது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் சாப்பிட்டு, இலையை எடுக்கும் முன் வெள்ளை மாத்திரையைப் போட்டேன். பிறகு தவிட்டு மாத்திரை. அப்புறம் காலை அதே பெஞ்சில் தூக்கி வைத்தேன். பாக்கியத்தைக் கூப்பிட்டு காலரிலிருந்த குண்டூசியைக் கொடுத்தேன். "என்னங்க இது கோட்டிக்காரத்தனம்" என்றாள். குத்து என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

இருட்டு. என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கே, எங்கே என்று உடம்பு முழுவதும் அந்தக் கால் விரலுக்குள் போய்க் காத்துக்கொண்டிருந்தது. தெரிந்துவிட வேண்டுமே, கடவுளே, தெரிந்துவிட வேண்டுமே என்று இருந்தது. அப்போது பெருவிரல் நுனியில் சுருக்கென்று ஒன்று. சந்தேகமே இல்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது.

"ஆமா" என்றேன். "குத்திட்டே."

"இன்னும் குத்தவே இல்லைங்க" என்றாள் பாக்கியம்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. அவள் என்ன நினைத்தாளோ, பிறகு நிஜமாகவே குத்தினாள். வலித்தது. எனக்கு இன்னும் வலி தெரிகிறது மாமா. ஒரு சொட்டு இரத்தம் கூட வந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, இதற்கா ஒரு ஆம்பிளை இப்படி அழுவது என்று திகைத்து நின்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன், உங்களைப் பொய்யர் என்று சொன்னேனே என்று?

ஊசியை மறுபடி காலரில் செருகிக்கொண்டேன். நீங்கள் பொய் சொல்லவில்லை மாமா. உங்களுக்குத் தெரிந்தது.